2063-ல் ‘புரோக்பேக் மவுன்டன்’ பார்ப்பவர்கள் என்ன கேட்பார்கள்?

நீர்க்கோடு (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் மகளோடு உட்கார்ந்து ‘புரோக்பேக் மவுன்டன்’ பார்த்தேன். மலையில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் காதல் கொள்ளும் ஜாக், என்னிஸ் என்ற இரண்டு ஆண்களின் கதை. அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு இது மூன்றாவது முறை. படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஏம்ப்பா, ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. ஜாக் சின்னதா ஒரு பண்ணை வச்சுக்கலாம் வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். என்னிஸ் ஏன் போகல?”

1963, அமெரிக்காவின் வயோமிங் மாநிலம், அன்றைய சட்டம், ஊர் வாய், ஆணோடு வாழ்ந்ததற்காகக் கொல்லப்பட்டவரின் பிணத்தைச் சிறுவயது என்னிஸுக்கு அப்பா கூட்டிப்போய்க் காட்டியது என்று என்னென்னவோ சொன்னேன். சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் பரீட்சைக்குக் குறிப்பெடுக்கிற களை வந்துவிட்டது. படம் முடிந்தபோது கண்ணில் இருந்த கலக்கம் என் விளக்கத்தில் காய்ந்துபோயிற்று.

நான் முதல்முறை பார்த்தபோது இந்தக் கேள்வி எனக்குள் எழவே இல்லை. அவன் ஏன் போகவில்லை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அது தெரியாத ஒரு தலைமுறை வளர்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கதை தொடங்கி நூறு வருஷம் ஆகும் 2063-ல் இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு இது காதல் கதையாக இருக்குமா, இல்லை பாடப்புத்தகமாகிவிடுமா? ஒரு வாரமாக இதே யோசனை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

ரீல்பெட்டி

நல்ல கேள்வி தம்பி. வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிப்பதற்கு முன், வந்த நாளில் எப்படிப் பார்த்தார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். இருபது வருஷத்திலேயே பாதி மறந்துவிட்டது.

ஆனி ப்ரூ எழுதிய சிறுகதை 1997 அக்டோபரில் ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. லாரி மெக்மர்ட்ரியும் டயானா ஓசானாவும் திரைக்கதை எழுதிய பிறகும் வருஷக்கணக்கில் படம் கைகூடவில்லை. கடைசியில் ஆங் லீ எடுத்தார். 2005 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது. செலவு ஏறத்தாழ 1.4 கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் 17 கோடி டாலருக்கு மேல். இத்தனைக்கும் யூட்டா மாநிலத்தில் ஒரு திரையரங்கு வளாகம் கடைசி நேரத்தில் படத்தைத் தூக்கிவிட்டது. சீனாவில் திரையரங்குக்கே வரவில்லை. 2008-ல் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சி இருவரும் நெருங்கும் காட்சிகளை வெட்டிவிட்டு ஒளிபரப்பியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் முழுப்படத்தையும் காட்டினார்கள்.

2006 மார்ச் 5, ஆஸ்கர் இரவு. இயக்கம், தழுவல் திரைக்கதை, இசை என்று மூன்று விருது. சிறந்த படம் மட்டும் ‘கிராஷ்’ படத்துக்குப் போனது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அதைவிட எனக்கு வலித்தது அந்த வருஷம் முழுக்க ஓடிய கேலி. “கௌபாய்” என்ற சொல்லைச் சொன்னாலே சிரித்தார்கள். இரவு நிகழ்ச்சிகளில் தினம் ஒரு துணுக்கு. ஆஸ்கர் மேடையில் படத்தை வைத்து வேடிக்கையாக ஏதோ செய்யச் சொன்னபோது என்னிஸாக நடித்த ஹீத் லெட்ஜர் மறுத்துவிட்டார் என்று ஜாக்காக நடித்த ஜேக் ஜிலன்ஹால் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். லெட்ஜருக்கு இது விளையாட்டு இல்லை, காதல்.

வருங்காலத்துக்காரர்களுக்கு அந்தச் சிரிப்பு காதில் விழாது. நம்மைவிட அவர்களுக்குக் கிடைக்கப்போகிற முதல் நன்மை அதுதான் என்பேன்.

கூத்தன்77

நீர்க்கோடு அண்ணா, உங்க மக கேட்டதுதான் சரியான கேள்வி. நானும் ஆணை விரும்புகிற ஆண்தான், இங்க பலருக்குத் தெரியும். இந்தப் படத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். மறுபடி பார்க்க மனசு வரல.

படம் மோசம்னு சொல்லல. ஆனா பதினெட்டு வயசுல என்னைப் போல ஒருத்தனைத் திரையில பார்க்கணும்னு ஏங்கிப் போய் உட்கார்ந்தா, ஒருத்தன் செத்துப்போறான், இன்னொருத்தன் ட்ரெய்லர் வண்டிக்குள்ள சட்டையைத் தடவிக்கிட்டு நிக்கிறான். அன்னைக்கு ராத்திரி நான் எடுத்துக்கிட்ட பாடம் என்ன தெரியுமா? “உனக்கு இவ்வளவுதான்.” படம் அப்படிச் சொல்ல நினைக்கலைன்னு இப்போ புரியுது. அப்போ புரியல.

அதனால 2063-ல ஒரு பையன் இதைப் பார்த்துட்டு, “எல்லாரும் கொண்டாடின படத்துல ஏன் எங்க ஆளு சாகணும்? ஏன் எப்பவும் சாகணும்?”னு கேட்டா, அவன் பக்கம்தான் நான் நிப்பேன். இங்கிலாந்து எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் ரெண்டு ஆண்களோட காதலைச் சொல்ற ‘மாரிஸ்’ நாவலை 1913, 14-லயே எழுதிட்டார். முடிவு சந்தோஷமா இருந்தே ஆகணும்னு பிடிவாதமா இருந்தார். இங்கிலாந்துல அது குற்றமா இருந்த காலம். அதனால அவர் இறந்த பிறகு 1971-லதான் அச்சுக்கே வந்துச்சு. அந்தக் காலத்துலயே ஒரு மனுஷனால ரெண்டு பேரையும் உயிரோட, ஒண்ணா அனுப்பிவைக்க முடிஞ்சிருக்கு. இவங்களுக்கு மட்டும் ஏன் முடியல?

துணையுரை

கூத்தன் தம்பி, உங்கள் வலியோடு நான் வாதாட வரவில்லை. ஒரு தகவல் மட்டும். கதைக்குச் சந்தோஷமான முடிவு எழுதி ஆனி ப்ரூவுக்கே அனுப்பிவைத்த வாசகர்கள் ஏராளம். அந்தக் கதையை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்கு அவர் அலுத்துப்போனதை 2009-ல் ‘பாரிஸ் ரிவியூ’ பேட்டியில் சொல்லியிருக்கிறார். கதை அந்த இருவரைப் பற்றி மட்டும் அல்ல, அந்த ஊரையும் அதன் வெறுப்பையும் பற்றியது என்பது அவர் நிலை.

இரண்டு பேரும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுதியவர் முடிவை மாற்றக்கூடாது. மாற்றி எழுதி அனுப்பியவர்களின் ஏக்கமும் பொய்யில்லை. உங்கள் “ஏன் முடியல” தான் அவர்கள் தாளில் எழுதி அனுப்பியதும்.

கூத்தன்77

இது எனக்குத் தெரியாது. முடிவை மாத்தி எழுதினவங்களை நினைச்சா ஏதோ பண்ணுது.

வடகாற்று

எல்லோரும் ஒரு விஷயத்தை முடிந்ததாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். காலம் போகப்போக எல்லாம் தானாக நல்லதாகிவிடும், 2063-ல் இந்தப் பயமே யாருக்கும் புரியாது என்கிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

1963-ல் அமெரிக்காவில் ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தது இல்லினாய் மாநிலம் ஒன்றுதான். வயோமிங் 1977-ல் எடுத்தது. ஜாக் குடியேறிய டெக்சஸில் சட்டம் 2003 வரை இருந்தது, உச்ச நீதிமன்றம்தான் ரத்து செய்தது. சட்டத்தின் கதை இது. ஊரின் கதை வேறு.

சிறுகதை வெளிவந்து சரியாக ஒரு வருஷம், 1998 அக்டோபர். அதே வயோமிங்கில், லாரமி ஊருக்கு வெளியே, மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவரை அடித்து, ஒரு வேலியில் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாறு நாளில் இறந்துபோனார். சட்டப்படி அப்போது வயோமிங்கில் அவர் குற்றவாளி இல்லை. 21 வருஷம் முன்னாலேயே அந்தச் சட்டம் போயிருந்தது. என்னிஸுக்கு ஒன்பது வயதில் அப்பா காட்டிய பிணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. அந்தப் பிள்ளையின் சாம்பலை எங்கே வைத்தாலும் யாராவது வந்து அசிங்கப்படுத்திவிடுவார்களோ என்று பெற்றோர் 20 வருஷம் தங்களிடமே வைத்திருந்தார்கள். 2018 அக்டோபரில்தான் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். அதே 2018 டிசம்பரில்தான் இந்தப் படத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு பக்கம் படத்தைப் பொக்கிஷமாக எடுத்து வைக்கிறார்கள். இரண்டு மாதம் முன்புவரை ஒரு தாய்க்கு மகன் சாம்பலை வைக்கப் பத்திரமான இடம் இல்லை.

2063-ல் பார்க்கிறவர்கள் நம்மைவிட நன்றாகவே புரிந்துகொள்ளவும் கூடும். அப்படி ஆகக்கூடாது என்பதே என் வேண்டுதல்.

நீர்க்கோடு

வடகாற்று, நேற்றிரவு இதைப் படித்துவிட்டுத் தூங்க நேரமாகிவிட்டது. சாம்பல் விஷயம் எனக்குத் தெரியாது.

மருதநிழல்

இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள், என்னிஸின் மனைவி ஆல்மாவைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அது குறையாகப் படுகிறது. வருங்காலத்தில் இந்தப் படத்தைக் காப்பாற்றப்போவதே அவள்தான் என்று நினைப்பவள் நான்.

அந்த அடுப்படிக் காட்சி நினைவிருக்கிறதா? விவாகரத்து ஆகி, அவள் வேறு கல்யாணமும் செய்துகொண்ட பிறகு, நன்றி நவிலல் நாள் விருந்துக்கு என்னிஸ் வருகிறான். அவள் பாத்திரம் கழுவுகிறாள், இவன் பக்கத்தில் நிற்கிறான். அப்போதுதான் வருஷக்கணக்காக அடக்கி வைத்ததைச் சொல்கிறாள். நீ மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புவாயே, ஒருநாள் அந்த மீன் கூடையைத் திறந்து பார்த்தேன், ஐந்து வருஷமாகியும் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. தூண்டில் நூல் நுனியில் ஒரு துண்டுச்சீட்டைக் கட்டி வைத்தேன். மீன் கொண்டுவா, அன்புடன் ஆல்மா என்று. நீ திரும்பி வந்து நிறைய மீன் பிடித்தோம், அங்கேயே சாப்பிட்டுவிட்டோம் என்றாய். கூடையைத் திறந்தேன், நான் கட்டிய சீட்டு கட்டிய இடத்திலேயே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். சந்தேகம் வந்ததும் அவள் சண்டை போடவில்லை. அன்புடன் என்று எழுதி ஒரு சீட்டைக் கட்டினாள். அவன் கண்ணில் பட்டிருந்தால் அவள் சந்தேகம் எல்லாம் பொய்யாகிப் போயிருக்கும், அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள். தான் பிடிபட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டு கட்டிய சீட்டு அது. மிஷெல் வில்லியம்ஸ் அந்த வரிகளைச் சொல்லும்போது குரல் உயரக்கூட இல்லை, தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லத் தொடங்குகிறார்.

என்னிஸும் ஜாக்கும் சேர்ந்து வாழ முடிந்த ஊரில் ஆல்மாவுக்கு இந்தக் கல்யாணமே நடந்திருக்காது, ஜாக்கை மணந்த லுரீனுக்கும் நடந்திருக்காது. ஊர் இரண்டு பேரை ஒளிந்து வாழ வைத்ததில் நான்கு பேர் வாழ்க்கை போயிற்று. 2063-ல் ஒரு பெண் இதைப் பார்த்தால் முதலில் இதைத்தான் கவனிப்பாள். கூத்தன், நீங்கள் அந்தப் பையன் பக்கம் நிற்பேன் என்றீர்கள். நான் இவள் பக்கம். இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பது என் நினைப்பு.

கூத்தன்77

ஒண்ணுதான் அக்கா. ஊர் சொல்லுதேன்னு ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு அவ வாழ்க்கையையும் கெடுத்துடக் கூடாதுன்னு நான் முடிவு பண்ணதுக்கு இந்தக் காட்சியும் ஒரு காரணம். ஒரு தடவைதான் பார்த்தேன்னு சொன்னேன், ஆனா அந்தத் துண்டுச்சீட்டு மட்டும் மறக்கல.

குறிஞ்சிமணி

எல்லோருக்கும் வணக்கம். வகுப்பில் அகப்பாடல் நடத்துகிறவள் என்பதால் எனக்குப் படம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடல் நடக்கும் இடம் மலை. அது குறிஞ்சி. ஆடு மேய்க்க வந்த இடையர் இருவர். அது முல்லை. மலையிலிருந்து இறங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத வெளி, காற்று, புழுதி. குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலை என்று படித்திருக்கிறோம். பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. வயோமிங்கைப் பற்றி மட்டுமே யோசித்து எழுதிய ஒருவரின் கதை நம் திணைக்குள் இப்படி வந்து பொருந்துவதைப் பார்த்து முதல்முறை எனக்கு உடம்பு சிலிர்த்தது.

யாரும் அறியாத களவுக் காதல். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்துவிடுகிற முதலாளி அகீரே. அடுத்த வருஷம் ஜாக் வேலை கேட்டு வரும்போது குத்திக்காட்டிப் பேசுகிற அவனுடைய வாய்தான் அலர், ஊர்ப்பேச்சு. வா, போய்விடலாம், ஒரு பண்ணை வைத்துக்கொள்வோம் என்று ஜாக் அழைப்பது உடன்போக்கு. ஒவ்வொரு தடவையும் அழைக்கிறான். என்னிஸ் கிளம்பவே மாட்டேன் என்கிறான்.

அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக் கூடாது. ஏன்? பெயர் வந்துவிட்டால் அது இன்னார் கதை ஆகிவிடும். ஈராயிரம் ஆண்டு கழித்துப் படிக்கும் என் மாணவிக்கு அந்த ஊரின் அலர் எப்படி இருக்கும் என்று தெரியாது, தோழி யார் என்று தெரியாது, இரவுக்குறி என்றால் நான்தான் விளக்க வேண்டும். ஆனாலும் பாட்டைப் படித்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நீர்க்கோடு, உங்கள் மகளுக்கு நீங்கள் சொன்னது உரை. உரை கேட்கும்போது எல்லா மாணவர்களுக்கும் அந்தக் களை வரும். அதனால் பாட்டு செத்துவிடவில்லை.

துணையுரை

குறிஞ்சிமணி டீச்சர், முதலில் சொன்ன தகவலோடு நிறுத்திக்கொண்டு, இனி சும்மா படித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள்.

படங்களுக்குத் துணையுரை (சப்டைட்டில்) எழுதுவது என் தொழில். இந்தப் படத்துக்கு நான் எழுதியதில்லை, பயிற்சிக்காகச் சில காட்சிகளைத் தமிழில் எழுதிப் பார்த்திருக்கிறேன். தோற்றேன். லெட்ஜர் வாயைத் திறந்து பேசுவதே இல்லை. தாடையை இறுக்கிக்கொண்டு, சொல் பல்லுக்கு நடுவே மாட்டி, பாதிதான் வெளியே வரும். தமிழில் முழு வாக்கியமாக எழுதினால் என்னிஸ் காணாமல் போகிறான். குறைத்து எழுதினால் பார்ப்பவருக்குப் புரிவதில்லை. ஒரு காட்சிக்கு நான் நாலு வார்த்தை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் படத்தில் எனக்கு வேலையே இல்லாத இடம்தான் உச்சம். ஜாக் இறந்த பிறகு என்னிஸ் அவன் பெற்றோர் வீட்டுக்குப் போகிறான். அப்பா கசப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அம்மா மட்டும் மகன் அறையைப் பார்க்கலாம் என்கிறார். மாடியறை, சின்னக் கட்டில், சன்னல். அலமாரியின் மூலையில் ஒரு சட்டை தொங்குகிறது, கையில் பழைய இரத்தக்கறை. மலையில் கடைசி நாள் இருவரும் கட்டிப்புரண்டு சண்டை போட்டபோது பட்டது. எடுத்துப் பார்த்தால் ஜாக்கின் சட்டைக்கு உள்ளே இன்னொரு சட்டை. மலையிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று இத்தனை வருஷம் என்னிஸ் நினைத்திருந்த அவனுடைய சட்டை. ஒரு கைக்குள் ஒரு கை.

அவன் கீழே இறங்கி வருகிறான், சட்டை இரண்டும் கையில். அம்மா பார்க்கிறார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு காகிதப் பையை எடுத்து அதில் போட்டுக் கொடுக்கிறார். அவ்வளவுதான். மகனுடைய வாழ்க்கை முழுவதும் அந்தத் தாய்க்குத் தெரியும் என்பதைச் சொல்ல அந்தப் பை போதும்.

கடைசிக் காட்சியில் என்னிஸின் அலமாரிக் கதவில் அதே இரண்டு சட்டையும் மாறித் தொங்கும். இப்போது அவனுடையது வெளியே, ஜாக்குடையது உள்ளே. பக்கத்தில் அந்த மலைப் படம் போட்ட ஓர் அஞ்சலட்டை. இருபது வருஷம் கட்டிப்பிடிக்கப் பயந்தவன் இப்போது சட்டையைக் கொண்டு பொத்தி வைத்திருக்கிறான். 2063 என்ன, அதற்கு மேல் நூறு வருஷம் போனாலும் இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

ரீல்பெட்டி

சட்டை மாறியிருப்பதை நானும் இரண்டாவது முறைதான் கவனித்தேன். ஒரு சின்னச் செய்தி: புரோக்பேக் என்று ஒரு மலை வயோமிங்கில் கிடையாது. ஆனி ப்ரூ வைத்த பெயர். படம் பிடித்ததும் அங்கே இல்லை, கனடாவின் ஆல்பர்ட்டாவில்.

வடகாற்று

துணையுரை எழுதியதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. “எல்லாக் காலத்துக்கும் பொதுவான காதல் கதை” என்று சொல்லிச் சொல்லியே இதை நீர்த்துப்போகச் செய்யும் ஆபத்தும் இருக்கிறது. வந்த வருஷமே பலர் அப்படித்தான் எழுதினார்கள். இது ஆண்-ஆண் காதல் பற்றிய படமே அல்ல, பொதுவான காதல் பற்றியது என்று. பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்கள். அந்த டயர் நெம்புகோலை எடுத்துவிட்டால் இது வேறு படம். ஜாக் எப்படி இறந்தான் என்று லுரீன் தொலைபேசியில் சொல்லும்போது, டயர் வெடித்து முகத்தில் அடித்தது என்கிறாள். என்னிஸின் மனக்கண்ணில் மூன்று பேர் டயர் நெம்புகோலால் ஒருவனை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எது நடந்தது என்று படம் சொல்லவே இல்லை. பயம் அவனுக்குள் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. நீர்க்கோடு, உங்கள் மகளுடைய கேள்விக்குப் பதில் அந்தச் சில வினாடிகளில் இருக்கிறது. விளக்கம் சொல்லாமல், அதை மட்டும் திரும்பப் போட்டுக் காட்டிப் பாருங்கள்.

மருதநிழல்

கூடவே மீன் கூடையையும்.

நீர்க்கோடு

இரண்டு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

வடகாற்று சொன்னபடியே செய்தேன். முழுப்படமும் வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தோம். ஒன்பது வயது என்னிஸின் நினைவிலிருந்து போட்டேன். அப்பா பையனின் பிடரியில் கை வைத்து, பார், பார் என்று நிறுத்துகிற இடம். அப்புறம் மருதநிழல் சொன்ன அடுப்படி. அப்புறம் லுரீனின் தொலைபேசி. நான் வாயே திறக்கவில்லை. அங்கிருந்து அவளே நிறுத்தவிடாமல் கடைசிவரை பார்த்தாள். இளைய தலைமுறைக்கு என்ன புரியும் என்று கேட்டுத்தான் இழையைத் தொடங்கினேன். என்னிஸின் மகள் தன் கல்யாணத்தைச் சொல்ல ட்ரெய்லருக்கு வரும் காட்சியில், மேய்ச்சல் வேலை இருக்கிறது என்று முதலில் இழுத்தவன் பிறகு வருகிறேன் என்று சொன்னதும், என் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் இப்படிச் சாய்ந்து வருஷமாயிற்று.

முடிந்த பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “வயோமிங்ல ரெண்டு ஆம்பளைங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு எப்போப்பா வந்துச்சு?” என்றாள்.

“2014 அக்டோபர்.”

“1963-ல அவங்களுக்குப் பத்தொன்பது இருக்குமா?”

“இருக்கும்.”

விரல் விட்டு எண்ணினாள். “அப்போ என்னிஸுக்கு எழுபது. அந்த ட்ரெய்லர்லயேதான் இருந்திருப்பாரா?”

அந்தச் சட்டைகளும் இருந்திருக்குமா என்று அடுத்துக் கேட்டாள். இருந்திருக்கும் என்றேன்.